ஹரிப்பிரியா சொன்ன ‘நாங்க’

என் தம்பியின் மனைவி ஹரிப்பிரியாவும் நானும் பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை. வந்த சின்னச் சின்ன இழுபறிகள் எல்லாமே தமிழால் வந்தவை. அவள் திருச்சி. நான் யாழ்ப்பாணம், கொக்குவில். நான் வந்து இறங்கிய முதல் நாளே அவள் என்னை ‘அண்ணி’ என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் அண்ணனின் மனைவிதான் அண்ணி. நான் அவளுடைய அண்ணனுக்கும் மனைவி இல்லை, வேறு எவருக்கும் மனைவி இல்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பதிலுக்கு நான், “நீர் தேத்தண்ணி குடிச்சீரோ?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாடகத்தில் ராஜா வேடம் போட்டவர் கேட்பதுபோல் இருந்ததாம்.

பிறகு பழகிவிட்டது. குசினி என்றால் சமையலறை, கதிரை என்றால் நாற்காலி, கிழமை என்றால் வாரம், ‘கெதியாய்’ என்றால் சீக்கிரம் என்று அவள் படித்துக்கொண்டாள். ‘சும்மா கலாய்ச்சேன் அண்ணி’ என்பது வசவு இல்லை என்று நான் படித்துக்கொண்டேன். இரண்டு தமிழுக்கும் நடுவில் இருந்த குழிகளையெல்லாம் கண்டுபிடித்து மூடிவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று மிச்சம் இருந்தது. அதில் நான் போய் விழுந்தேன். நான் விழுந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு என் தம்பி ஐந்து கிழமை வாயைத் திறக்காமல் நின்றான்.

நாங்கள் இருந்தது ஹோர்ஷம். மெல்பேர்ணிலிருந்து மேற்கே நாலு மணித்தியாலம் கார் ஓட வேண்டும். கோதுமை வயல், கோதுமைக் களஞ்சியம், மறுபடியும் கோதுமை வயல். ஹரிப்பிரியா அங்குள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர். நாங்கள் இருந்த வீடும் ஆஸ்பத்திரி கொடுத்ததுதான். தம்பி சிறிக்குக் கொம்பியூட்டர் வேலை. ஒரு லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எந்தக் காட்டிலிருந்தும் அவனால் வேலை செய்ய முடியும். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள், ஹம்சா. ஹரிப்பிரியா பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பிள்ளை என் கையில்தான் வளர்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் காலை வேலைக்குச் சேர்ந்தேன். கிழவர்களுக்குப் பூசணிக்காய் சூப் வைப்பதில் என்னை மிஞ்ச ஹோர்ஷத்தில் ஆளில்லை.

என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன் சிறிதான். நான் வந்த விசாவுக்குப் பெயர் ‘ரிமெயினிங் ரிலேட்டிவ்’. மிஞ்சிப்போன சொந்தக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவரும் இல்லாமல், இருக்கிற ஒரே இரத்த உறவு ஒஸ்ரேலியாவில்தான் என்று நிரூபிப்பவர்களுக்குக் கொடுப்பது. அப்பா, அம்மா இருவருடைய மரணச் சான்றிதழையும் அனுப்பினேன். கல்யாணமாகவில்லை என்று கிராமசேவகரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். எனக்கு யாருமில்லை என்பதை அரசாங்கமே சரிபார்த்து, ஆமாம் உனக்கு யாருமில்லை, உன் தம்பியிடம் போ என்று முத்திரை குத்தி அனுப்பியது. அந்தக் கடிதத்தைப் பார்த்து அன்று நான் சிரித்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். சிறி மேசையில் இருந்து வெங்காயம் உரித்தான். ஹரிப்பிரியா போனும் கையுமாக ஓடிவந்து, மாக்கையோடு இருந்த என்னை அப்படியே கட்டிப்பிடித்தாள்.

“கிடைச்சிடுச்சு அண்ணி! நாங்க எல்லாரும் செயின்ட் லூசியா போறோம்!”

எனக்குத் தெரிந்த சென்ற் லூசியா பிரிஸ்பேனில் இருக்கிறது. பெரிய யூனிவேர்சிற்றி உள்ள இடம். “அதென்ன, பிரிஸ்பேனுக்கோ?” என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹம்சா ஐபாட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அமெரிக்காவுக்குக் கீழே, நீலத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு பச்சைப் பொட்டு. கரீபியன் தீவு. அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் ஹரிப்பிரியாவுக்குப் படிப்பிக்கிற வேலை. இரவு ட்யூட்டியே இல்லாத வேலைக்கு அவள் இரண்டு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

“எல்லாருமோ?” என்று கேட்டேன். என் காதை நான் நம்பவில்லை.

“ஆமா அண்ணி, எல்லாரும்! ஹம்சாவுக்கு ஸ்கூல்கூடப் பார்த்தாச்சு.”

நான் சிறியைப் பார்த்தேன். அவன் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவன் குப்பை வாளியை ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போகும்போது பின்னால் போய்க் கேட்டேன். “டேய், அப்ப நான் வேலையிடத்திலை இப்பவே சொல்லவேணுமே? ஒரு மாதம் முந்திச் சொல்லாட்டில் அவங்களுக்குக் கஷ்டம்.”

அவன் வாளியின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மறுபடி மூடினான். “ஓம் அக்கா. சொல்லுங்கோ” என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஐந்து கிழமையில் இந்த விஷயத்தைப் பற்றி அவன் என்னிடம் சொன்ன முழு வசனம் அதுதான்.

நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பதில் என்ன இருக்கிறது? ஐம்பத்தேழு வயதில் ஒருத்தி, கோதுமையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள், கடல் உள்ள ஊருக்குப் போகப்போகிறாள். ஹம்சா ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து என்னோடு இருந்து வீடியோ பார்ப்பாள். அங்கே ஈரப்பலா காய்க்கிறது. முருங்கை இருக்கிறது. தேங்காய் விழுந்து கிடக்கிறது. பதினொரு வருடமாக ரின்னில் அடைத்த தேங்காய்ப்பாலில் சொதி வைத்தவளுக்கு அந்தத் தேங்காய்களைப் பார்க்கக் கை துருதுருத்தது. தேங்காய் துருவுகிற துருவலையைக் கழுவி, காயவைத்து, பழைய துவாயில் சுற்றி முதல் பெட்டியில் வைத்தேன். அப்புறம் புட்டுக்குழல், இடியப்ப உரல், சாமிப் படம், நாலு நல்ல சேலை. ஏழு பெட்டி வந்தது. மற்றவர்களுடைய பெட்டிகளோடு மாறிப்போகாமல் ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் என் பெயரை, ‘நாகேஸ்’ என்று பெரிதாக எழுதினேன்.

“மாமி, நீங்களும் நானும் ஒரு ரூம்” என்று ஹம்சா சொல்லிவிட்டாள். அவள் பேச்சில் முக்கால்வாசி ஆங்கிலம், கால்வாசி என்னிடம் கற்ற யாழ்ப்பாணம். “சீ வியூ இருக்கிற ரூம். ஓகே?”

“ஓம், ஓகே. ஆனா நீ கால் போட்டு உதைக்கக் கூடாது.”

ஹரிப்பிரியா வேலையும் லீவுமாக அலைந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவளைக் காண்பதே அருமை. ஒரு நாள் கேட்டேன், “எப்ப வெளிக்கிடுறம்?” என்று. “ஏப்ரல் இருபதாம் தேதி காலையில வீட்டைக் காலி பண்ணிடணும் அண்ணி, அன்னைக்கே கிளம்பிடுறோம்” என்றாள். எவ்வளவு தெளிவான பதில்! இன்னொரு நாள் அவளே என் தோளில் கைவைத்து, “உங்களுக்கு ஓகேதானே அண்ணி? மனசுல ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். “எனக்கென்ன, நான் றெடி” என்றேன். அவள் கண் கலங்கி, “நீங்க ரொம்பப் பெரிய மனசு அண்ணி” என்றாள். ஒரு தீவுக்குப் போகப் பெரிய மனசு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இந்தியாக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் உருகுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்போட்டைக் கொண்டுபோய்ச் சிறியிடம் கொடுத்தேன். ரிக்கற் போடத் தேவைப்படும் என்று நானாகத்தான் கொடுத்தேன். அவன் வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து என் படத்தைப் பார்த்தான். “வைக்கிறன் அக்கா” என்று மேசையின் லாச்சியை இழுத்து உள்ளே வைத்தான்.

முதியோர் இல்லத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். பச்சை ஐசிங்கில் ஒரு மரம் போட்டிருந்தது. அது தென்னையா பனையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மனேஜர் பேசினாள். தொண்ணூறு வயது ஜோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ அதிர்ஷ்டசாலி, குடும்பத்தோடு போகிறாய் என்றாள். நான் ஊரிலிருந்து வந்த அன்றுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. என்னுடைய கட்டிலைச் சமையலறையில் கூட வேலை செய்த பிலிப்பீனோப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி ஒரு கிழமை நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் பதினேழாம் தேதி காலை, சாமான் ஏற்ற மெல்பேர்ணிலிருந்து லொறி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஹரிப்பிரியா கையில் லிஸ்ற்றோடு ஹோலில் நின்று ஒவ்வொரு பெட்டியாகச் சரிபார்த்தாள். என் ஏழு பெட்டிகளுக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

“அண்ணி, இதெல்லாம் ஏன் இங்க இருக்கு? நோபல் பார்க் போற சாமானை கராஜ்ல தனியா வைக்கணும்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேனே.”

“மெல்பேர்ணிலை, நோபல் பார்க்குக்கு என்னத்துக்கு? இது கப்பலிலை போறது.”

“உங்க சாமான் எதுக்குக் கப்பல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “பின்னை நான் அங்கை போய் என்னத்தை உடுக்கிறது? வாழை இலையையோ?”

அவள் சிரிக்கவில்லை. லிஸ்ற்றைக் கீழே இறக்கினாள். “அண்ணி... நீங்களும் வர்றீங்கன்னு யார் சொன்னா?”

“நீர்தானே சொன்னீர். குசினியிலை, என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு. நாங்கள் எல்லாரும் போறம் எண்டு.”

“நாங்கன்னுதானே சொன்னேன் அண்ணி.” அவள் குரல் அப்படியே இறங்கிப்போனது. “நாமன்னு சொல்லலையே.”

லொறிக்காரன் ஒருவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று வெளியே போனான்.

அவர்கள் ஊரில் அதற்கு இரண்டு சொல் இருக்கிறதாம். எதிரில் நிற்கிறவரையும் சேர்த்தால் ‘நாம’. அவரை விட்டுவிட்டால் ‘நாங்க’. சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியுமாம். எனக்கும் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘நாம்’ என்று எழுதியிருக்கிறேன், மேடையில் பேசுகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் நாங்கள் என்றால் நாங்கள்தான். பேசுகிறவர், கேட்கிறவர், பக்கத்தில் புட்டுக்கு மா குழைக்கிறவர் எல்லாரும் அதற்குள் அடக்கம். அந்தச் சொல்லுக்கு ஒரு வெளிப்பக்கம் இருக்கிறது என்று ஐம்பத்தேழு வயதில் எனக்கு யார் சொல்லித்தர?

“அவர் சொன்னாரே அண்ணி” என்று ஹரிப்பிரியா அழத் தொடங்கினாள். “உங்களுக்கு ஹோர்ஷம் போதும்னு ஆயிடுச்சாம். நீங்களே கேட்டீங்களாம், நோபல் பார்க்ல அருந்தவன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற யூனிட்ல நம்ம ஆளுங்களோட இருக்கணும்னு. அதனாலதான் வேலைய விட்டீங்கன்னு... நான் அன்னைக்கே கேட்டேனே, உங்களுக்கு ஓகேவான்னு!”

இருவரும் ஒன்றாகத் திரும்பிச் சிறியைப் பார்த்தோம். அவன் கையில் பெட்டி ஒட்டுகிற ரேப்போடு அறை வாசலில் நின்றான்.  பிறகு ரேப்பையும் கொண்டு வெளியே போய், லொறிக்காரர்களோடு நின்றுகொண்டான்.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. ஏழு பெட்டியிலும் என் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தேன்! பந்தியில் அழைக்காமலே போய் உட்கார்ந்து, இலையும் போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டேன். குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கிக் கராஜுக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். ஹரிப்பிரியா பறிக்க வந்தாள். விடவில்லை. ஏழையும் நானேதான் கொண்டுபோய் வைத்தேன்.

ஹரிப்பிரியா கெட்டவள் இல்லை. அன்று மத்தியானமே கல்லூரிக்கு ஈமெயில் எழுதினாள், என் கணவரின் அக்காவும் எங்களோடு வர வழி உண்டா என்று. “வேண்டாம், விடும்” என்று நான் வாயால்தான் சொன்னேன். இரண்டு நாளும் அவள் போன் ‘டிங்’ என்றால் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் நான் பெட்டிகளில் பெயரை அழிக்கவில்லை. பதில் வந்தது. கணவனும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் மட்டும்தான் குடும்பமாம். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

இருபதாம் தேதி எல்லாரும் நோபல் பார்க் வந்தோம். அருந்தவன் சிறியோடு படித்தவன். அவனுடைய வீட்டின் பின்னால் ஒரு அறையும் சின்னக் குசினியும் உள்ள யூனிட். துப்புரவாகத்தான் இருந்தது. விமானம் இருபத்தைந்தாம் தேதி. நடுவில் ஒரு நாள், எனக்குக் கட்டில் வாங்கவேண்டும் என்று சிறி என்னை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனான். கார் பார்க்கில் நிறுத்தினான். நான் இறங்கவில்லை.

“எப்பயிலையிருந்து தெரியும் உனக்கு?” என்று கேட்டேன்.

அவன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். “அண்டைக்கே. அவ சொன்ன உடனை உங்கடை முகத்தைப் பாத்தன். நீங்கள் பிழையாய் விளங்கிப்போட்டீங்கள் எண்டு தெரிஞ்சது.”

“அப்ப ஏன்ரா சொல்லேல்லை?”

“சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் அக்கா... நீங்கள் அவ்வளவு சந்தோசமாய் இருந்தனீங்கள். எனக்கு வாய் வரேல்லை.”

“பாஸ்போட்டையும் வாங்கி லாச்சிக்கை வைச்சனியேடா. அதுக்கு மட்டும் கை வந்ததோ?”

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். முன்னால் ஒரு குடும்பம் மெத்தை ஒன்றைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டிருந்தது.

“நீ அவளுக்கு ஒண்டு சொன்னாய், எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு பேரையும் மடைச்சியாக்கினாய். எனக்குச் சரியாய்ச் சொல்லு சிறி. அவங்கள் விடமாட்டாங்கள் எண்டதை விடு. அது பிறகு வந்த கடிதம். நீ ஏன் முதலே கேக்கேல்லை? ஒரு சொல்லுக் கேட்டுப் பாத்திருக்கலாமே?”

 என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“எனக்கு ஒருக்கா எண்டாலும், நானும் அவவும் பிள்ளையும் மட்டும் இருந்து பாக்கவேணும் போல கிடந்தது அக்கா. நீங்கள் எனக்கு எல்லாம் செய்தனீங்கள். நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். ஆனா... நான் என்ன செய்தாலும் நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருக்கும். சண்டை பிடிச்சாலும் மெல்லமாய்த்தான் பிடிப்பம். நாப்பத்திரண்டு வயசாச்சு எனக்கு. நீங்கள் இல்லாத வீட்டிலை நான் ஒரு குடும்பமாய் இருந்ததே இல்லை.”

சொல்லிவிட்டு ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதான். அம்மா செத்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அன்றும் இப்படித்தான், முகத்தைக் காட்டாமல் அழுதான். எனக்கு அப்போது இருபத்தெட்டு. அதற்குப் பிறகு இரண்டு சம்பந்தம் வந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். பெண்ணைத்தான் கேட்டோம், பொடியனைக் கேட்கவில்லை என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். அப்படியானால் வேண்டாம் என்றேன். அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இருந்ததில்லை. அந்தக் கார் பார்க்கில் இருந்தபோதுதான் முதல் முறையாக வருத்தம் வந்தது. அவனுடைய கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. தலையைத் தடவ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதவைத் திறந்து இறங்கினேன்.

“வா, கட்டிலை எடுப்பம்” என்றேன். “பெரிசு வேண்டாம். ஒராள் படுக்கிறது காணும்.”

இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ருல்லமரீன் விமான நிலையத்தில் நின்றோம். அருந்தவன் எங்களை இறக்கிவிட்டுக் கார் நிறுத்தப் போய்விட்டான். பெட்டிகளைப் போட்டாயிற்று. பயணிகள் மட்டும் உள்ளே போகிற வாசலுக்கு முன்னால் வந்துவிட்டோம். முதல் நாள் இரவே அவர்களோடு பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டேன். ஹம்சாவின் தலைக்கு எந்த எண்ணெய், காய்ச்சல் வந்தால் எது சாப்பிடுவாள், எது துப்புவாள் என்று ஹரிப்பிரியாவுக்கு எழுதியும் கொடுத்துவிட்டேன். அழாமல் அனுப்பிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

ஹம்சா முதுகில் ரோஸ் பையோடு என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றாள். அழுகிற முகம் இல்லை. எனக்கு அதுவே கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. எட்டு வருடம் கையில் வளர்த்த பிள்ளை, இவ்வளவு லேசாகப் போகிறதே என்று.

“மாமி, விண்டோப் பக்கத்துக் கட்டில் உங்களுக்கு. நான் யாரையும் படுக்க விடமாட்டன்” என்றாள். “உங்கட பிளேன் நாளைக்குத்தானே? இல்லாட்டி டே ஆஃப்ரர்?”

நான் சிறியைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போனது. ஹரிப்பிரியாவும் அவனைத்தான் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது என்பது தெரிந்தது.

பிள்ளைக்கும் சொல்லவில்லை. மாமி அடுத்த பிளேனில் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறான். இப்போது என்னைக் கெஞ்சுகிற கண்ணால் பார்க்கிறான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும். என்னைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தமும் தந்துவிட்டுப் போகும். எனக்கு அந்த முத்தம் வேண்டும்போல்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கட்டிலை அவள் எத்தனை நாள் காவல் காப்பாள்? நாளைக்கு, அடுத்த நாள், அதற்கடுத்த நாள். கேட்கும்போதெல்லாம் சிறி வெங்காயத்தைப் பார்ப்பான். ஐந்து கிழமை அப்படி இருந்தவள் நான். அதில் விழுந்து எழுந்தவளுக்குத்தான் அதன் ஆழம் தெரியும். என் பிள்ளையை அதற்குள் இறக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் குந்தி இருந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன். “நான் வரேல்லையம்மா” என்றேன்.

“நாளைக்கா?”

“நாளைக்கும் இல்லை. வரவே இல்லை. நான் இஞ்சைதான் இருக்கப்போறன்.”

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. “வை?” என்றாள். பிறகு, “ஏன் மாமி? ஹூ செட்?” என்றாள். யார் சொன்னது என்று கேட்கிறாள். நேரே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஹம்சா, அது வந்துடா...” என்று ஹரிப்பிரியா தொடங்கினாள். அவள் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது. சிறி அசையாமல் நின்றான். சொன்னால் என்ன? சொல்லட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் செய்த வேலைக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சின்னத் தீவில் இந்தப் பிள்ளைக்கு இனி அவன்தானே இருக்கிறான். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவரை வெறுத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி வளரும்?

“ஒருத்தரும் சொல்லேல்லை” என்றேன், ஹரிப்பிரியாவை முந்திக்கொண்டு. “எனக்குத்தான் விருப்பமில்லை.”

“யூ டோன்ற் வோன்ற் ரு கம்? வித் அஸ்?”

“ஓம். விருப்பமில்லை.”

“ஆனா நீங்கள் சொன்னீங்கள். வன் ரூம் எண்டு.” 

“சும்மா சொன்னனான்” என்றேன்.

என் கைக்குள் இருந்த கைகளை அவள் உருவி எடுத்தாள். முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாக, யாரோ தெரியாத அன்ரி பிடித்துவிட்டதுபோல் எடுத்தாள். அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஹரிப்பிரியா குனிந்து என் காலைத் தொட வந்தாள். நான் தடுத்து, போம், நேரமாகிறது என்றேன். சிறி “அக்கா” என்றான். 

மூன்று பேரும் வரிசையில் நடந்தார்கள். வாசலில் நின்றவன் பாஸ்போட்டுகளை வாங்கிப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே விட்டான். சிறி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். கையையும் தூக்கினான். நான் அவனைப் பார்க்கவில்லை. அந்த ரோஸ் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு மூடும்வரைக்கும் அது ஒருமுறைகூடத் திரும்பவில்லை.